வளைவில் ஒரு ஹாரன்

சங்ககிரி லாரித் தொழிலின் வரலாறுதான் சௌந்தர்யாவின் ஆய்வு. வடக்கே போய்த் திரும்பும் லாரிகள் ஊர் வளைவில் ஆளுக்கொரு விதமாய் ஹாரன் அடிக்கும், கேட்டதும் வீட்டில் குளிக்க வெந்நீர் போடுவார்கள் என்று ஒரு விழா மலரில் படித்திருந்தாள்.

"மலர் பிற்பாடு எழுதியது. அது இரண்டாம்நிலைச் சான்று. காதால் கேட்டவரைப் பிடியுங்கள்" என்றார் நெறியாளர்.

கேட்டவள் வீட்டிலேயே இருந்தாள், அம்மா. அப்பா கதிர்வேல் லாரி ஓட்டியவர். அவர் இறந்த வருஷமே லாரியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். விடுதியிலிருந்து வந்த சௌந்தர்யா, மதியம் போனில் ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"உங்கப்பாரோடது நீட்டி ஒண்ணு, வெடுக்குனு ரெண்டு. கேட்டா சோத்துத் தட்டப் போட்டுட்டு ஓடுவியே சாமி..."

வளைவில் ஹாரன் அடித்தது. நீளமாக ஒன்று, வெடுக்கென்று இரண்டு.

அம்மா பேச்சைப் பாதியில் விட்டு எழுந்தாள். அடுப்பைப் பற்றவைத்து, பெரிய குண்டாவில் தண்ணீர் வைத்தாள். சுட்டதும் குளியலறையில் கொண்டுபோய் வைத்து, கதவை ஒருக்களித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க உட்டேன்?" என்றாள்.

குளியலறையில் சொம்பால் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. சௌந்தர்யா ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை.