முப்பத்திரண்டு போதும்

"முப்பத்திரண்டு பிட்டே போடு மாப்ள. அறுபத்துநாலு வேண்டாம்."

அக்கா கணவர் இப்படிச் சொன்னதும் மச்சினனுக்குச் சுருக்கென்றது. அவர் கால்நடை டாக்டர். மாட்டைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பெரிய கம்பெனியில் நூறு சர்வரைக் கட்டி மேய்க்கிறவனிடம் வந்து கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னால்?

கிளினிக்கின் பழைய சர்வர் ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்தது. புதுசு ஒன்றை வாங்கிவைத்து, அதில் சிஸ்டம் சாஃப்ட்வேர் ஏற்றித்தர ஞாயிற்றுக்கிழமை லீவில் அவனை வரச்சொல்லியிருந்தார். வந்த இடத்தில் இந்த வம்பு.

"மாமா, மெஷின் சின்னதுதான். ஆனாலும் நாலு ஜிபி மெமரி இருக்கு. முப்பத்திரண்டு பிட் சிஸ்டம் போட்டா அதுல மூணு சொச்சம்தான் அதோட கண்ணுக்குத் தெரியும். நாலு ரூம் வீடு வாங்கி ஒரு ரூமைப் பூட்டி வைப்பீங்களா?"

"நமக்கு மூணு ரூம் தாராளம்."

"அப்டேட்டே வராது மாமா. பாதுகாப்பு இல்ல."

"இது இன்டர்நெட் பக்கமே போகாதே. வாசப்படி தாண்டாதவனுக்கு எதுக்குடா குடை?"

அவன் பதில் யோசிப்பதற்குள் போன் வந்தது. எங்கேயோ ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறதாம். டாக்டர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினார்.

"முப்பத்திரண்டு!" என்று காருக்குள்ளிருந்து ஒரு கத்தல் வேறு.

'பிடிச்சா குரங்குப் பிடிதான்' என்று முணுமுணுத்தபடி அவன் அறுபத்துநாலையே ஏற்றினான். நல்லது செய்யக்கூட இந்த மனுஷரிடம் திருட்டுத்தனம் பண்ண வேண்டியிருக்கிறது.

வேலை முடிகிற நேரத்தில் ரிசப்ஷன் அக்கா வந்து ஒரு பென் டிரைவை நீட்டினாள்.

"நம்ம புரோகிராம் தம்பி. நாயி, பூனை, எல்லாக் கணக்கும் இதுலதான். புது மெஷின்ல போடச் சொல்லியிருக்காரு டாக்டர்."

போட்டான். ஓடவில்லை. மறுபடி தட்டினான். 'இந்த சிஸ்டத்தில் இது இயங்காது' என்று மெஷின் கறாராகச் சொல்லிவிட்டது.

"ரொம்பப் பழைய சரக்கு அக்கா இது. அறுபத்துநாலுல எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

"ஐயையோ, அதுக்குத்தானே டாக்டர் அடிச்சு அடிச்சுச் சொன்னாரு! நாளைக்குக் காலையில நாப்பது டோக்கன் இருக்கே!"

"இதைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கக் கூடாதா? அப்படி என்ன விசேஷம் இதுல?"

"விசேஷமா? வயசு போடற கட்டத்துல ஒரே ஒரு எண்தான் விழும். நம்ம கிளினிக்ல எந்த நாய்க்கும் ஒன்பது வயசுக்கு மேல ஆகறதில்ல."

"பதினாலு வயசு நாய் வந்தா?"

"ஒன்பதுன்னு அடிச்சுட்டு, சீட்டுல கையால பதினாலுன்னு எழுதுவோம். ஒரு ஆமை வருது, அதுக்கு நாப்பது வயசு. அதுவும் ஒன்பதுதான். மருந்து அளவு மாறிடக் கூடாதேன்னு ஒவ்வொரு சீட்டையும் டாக்டரே ரெண்டு தடவை சரிபார்ப்பாரு, பாவம்."

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"எந்தப் புண்ணியவான் எழுதினான் இதை?"

"யாரு கண்டா? நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்தது" என்றபடி பழைய மெஷினை உயிர்ப்பித்துத் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

திரையின் மூலையில் நட்சத்திரக் குறிகளை அடுக்கி வரைந்த ஒரு நாய்த் தலை. பார்த்தால் பூனை மாதிரி இருக்கும்.

அவன் வரைந்ததுதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேலை கிடைக்காமல் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, காலேஜில் படித்த அரைகுறைப் படிப்பை வைத்து எழுதிய முதல் புரோகிராம். மாமா அன்றைக்கு, "சரி, வெச்சுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்தான். அவருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லையே என்ற குறை மட்டும் உள்ளே இருந்தது.

அவன் அறுபத்துநாலை அழித்தான். முப்பத்திரண்டை ஏற்ற ஆரம்பித்தான்.

மதியம் டாக்டர் முழங்கை வரை ஈரமாகத் திரும்பி வந்தார்.

"ரெண்டு கன்னு மாப்ள! தாயும் சௌக்கியம்!"

"மாமா, என் புரோகிராம்ல தப்பு இருக்குன்னு அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே? அரை மணி நேரத்துல சரிபண்ணியிருப்பேன்."

டாக்டர் திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். திருடிச் சாப்பிட்டு மாட்டிக்கொண்டவர் போல ஒரு சிரிப்பு.

"எப்படிடா சொல்றது? நாலு இன்டர்வியூல தோத்துட்டு வந்து, சோறு இறங்காம உக்காந்திருந்த. அதுல நான் வேற குத்தம் கண்டுபிடிக்கணுமா?"

"சரி, அதுக்கப்புறம்தான் வேலை கிடைச்சுதே! அப்பவாவது மாத்தியிருக்கலாமில்ல?"

"அதுக்குள்ள மாத்தவே முடியாம போச்சு. நீ பயோடேட்டாவுல நம்ம கிளினிக் புரோகிராமை எழுதியிருந்தியே. உன்னை வேலைக்கு எடுக்கறதுக்கு முந்தின நாள் உன் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. புரோகிராம் எப்படின்னு கேட்டாங்க. 'ஒரு தப்புகூட கிடையாது, நான் கிளினிக்கை மூடற வரைக்கும் இதை மாத்த மாட்டேன்'னு சொல்லிட்டேன்."

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"முதல் பாதி பொய்யி. ரெண்டாவது பாதியாவது நிஜமா இருக்கட்டுமேன்னுதான் மாப்ள."