பொருந்தாத ஒரு சரிவு

“அந்த ஒண்ணை மட்டும் தூக்கிடு மச்சான். உன் ஆராய்ச்சி சுத்தமாகிடும்” என்றார் அலவி.

“ஏன் தூக்கணும்? ஒரு காரணம் வேணாமா?” ஜௌபர் சாருக்குக் கோபம் வந்துவிட்டது.

இருவரும் பதுளையில் விஞ்ஞான ஆசிரியர்கள். விண்ணிலிருந்து ஓயாமல் விழும் கதிர்களைத் தானாகவே எண்ணிப் பதியும் கருவியொன்று ஜௌபரின் வீட்டுப் பின் அறையில் இருந்தது. சூரியனில் புயல் எழுந்தால் இங்கே கதிர்கள் குறையும். எண்ணிக்கையில் பெரிய சரிவுகளாகப் பார்த்து எடுத்து, அதைக் காட்டிவிட வேண்டுமென்று மனிதர் வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறார். எல்லாம் பொருந்தின. எண்பத்து மூன்று ஜூலைச் சரிவு மட்டும் சண்டித்தனம் பண்ணியது. அப்போது சூரியன் சும்மா கிடந்தது.

“நமக்குப் பிடிச்ச சரிவை மட்டும் எடுத்தா நமக்குப் பிடிச்ச விடைதான் வரும். அதுக்குப் பேர் பித்தலாட்டம் அலவி.”

“அப்ப கருவிக்கு மேலே வீட்ல யாரும் பாரம் ஏத்தினாங்களா? கனமா எது இருந்தாலும் கதிர் குறையுமே.”

கருவிக்கு நேர் மேலே பரண். ஜௌபர் விடுவிடென்று அடுப்படியில் இருந்த மனைவியிடம் போனார்.

“ஸைனப், கலவர நேரம் பரண்ல அரிசி மூட்டை அடுக்கினியா? கேக்காம கொள்ளாம இப்படிச் செஞ்சா என் உழைப்பு என்னாகிறது?”

ஸைனப் அடுப்பைத் தணித்தாள்.

“மூட்டை இல்லிங்க. ஆளுங்க.”

“எந்த ஆளுங்க?”

“பக்கத்துக் கடை கந்தப்பன் அண்ணன் குடும்பம். நீங்க முன் கதவைச் சாத்தினீங்க. நான் பின் கதவைத் திறந்தேன். ஊர் அடங்குற மட்டும் நீங்கதான் பயத்தில முன் அறையை விட்டு அசையல்லியே.”

அன்று அடைக்கலம் கேட்டு வந்த அவர்களிடம் கதவிடுக்கு வழியே, “வேற எங்கயாச்சும் போங்க” என்று சொன்னதை ஜௌபர் நினைக்காத நாளில்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரிடமும் கேட்கவும் துணிந்ததில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லல்ல?”

“இந்தியாவுக்குப் போறப்ப அவர்தான் வேணாம்னார். ‘சார் நல்ல மனுஷன், சங்கடப்படுவார். சொல்லிடாத தங்கச்சி’ன்னார்.”

ஜௌபர் தளர்ந்துபோய் மேசைக்குத் திரும்பினார்.

“என்ன மச்சான், காரணம் கிடைச்சுதா?” என்று கேட்டார் அலவி.

கிடைத்துவிட்டது. அந்தச் சரிவை இனி நியாயமாகவே நீக்கிவிடலாம். ஏன் நீக்கினோம் என்று எழுதத்தான் ஜௌபருக்குக் கை வரவில்லை.