பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர்

பர்னிச்சர் கடையில் அவள் பத்தாவது நாற்காலியையும் கவிழ்த்துப் பார்த்தாள்.

“வாங்குறதுன்னா வாங்கு. மானத்த வாங்காத” என்று கணவன் பல்லைக் கடித்தான்.

விற்பனைப் பெண் சிரித்தபடி வந்தாள். “பயப்படாதீங்கக்கா, வெளிநாட்டுக் கம்பெனி. தொழிலாளிங்கள நல்லா வச்சிருக்காங்களான்னு ஃபேக்டரிக்கே வந்து விசாரிப்பாங்க. அங்க வேலை செய்யறவங்க ஒவ்வொரு நாற்காலியையும் ஆட்டிப் பாத்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. பாத்தவங்க நம்பர்கூட இருக்கு பாருங்க, பதினேழு.”

பக்கத்து நாற்காலியில் ஒரு குழந்தை ஏறிக் குதித்தது. நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தவள் பாய்ந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

“என்னக்கா ஆச்சு?”

“அந்தப் பதினேழு நான்தாம்மா. அந்தக் கம்பெனிக்காரங்க ஃபேக்டரிக்கு வந்த அன்னிக்கு முழுக்க என்னைத்தான் விசாரிச்சாங்க. சாயங்காலம் இருநூறு நாற்காலிக்கும் ஆட்டிப் பாக்காமலே ஒட்டிட்டேன்.”