பெயர் சொல்கிறவள்

"வர்றது ஜலஜா. வீட்டுக்காரர் பேரு வெங்கடகிருஷ்ணன்," என்று உதடு அசையாமல் கணவரின் காதில் சொன்னாள் ஷ்யாமளா.

சேனாபதி தலையை நிமிர்த்தி, முகமெல்லாம் பல்லாகக் கும்பிட்டார்.

இரண்டாயிரமாவது வருஷப் பொங்கல். மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரின் பள்ளிக்கூடத்து கஃபெடேரியா வாசலில், தமிழ்ச் சங்க விழாவுக்கு வந்தவர்களை இருவரும் வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் தலைவர் தேர்தல். தேர்தலில் நிற்பது அவர். கால் வலிப்பது அவளுக்கு.

பன்னிரண்டு வருஷமாக இதே பாடு. "எனக்கு முகம் நிக்குது, பேரு நிக்கலை. நீதான் எடுத்துக் கொடுக்கணும்" என்று அவர் கேட்டுக்கொண்டதிலிருந்து ஒரு விழாவிலும் அவள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அவர் முதலில் பொருளாளர் ஆனார். அப்புறம் விழாக்குழு, நாடகமும் சாப்பாடும் அவர் தலையில். அப்புறம் துணைத் தலைவர்.

போன வாரம் மகள் வெண்பா லத்தீன் வகுப்புக்காக ஒரு சார்ட் வரைந்தாள். குடியரசின் கடைசிக் காலத்து ரோமாபுரிப் பிரபு ஒருவரின் பதவி ஏணி. முப்பது வயதில் கஜானா அதிகாரி. முப்பத்தாறில் ஊருக்குத் திருவிழா நடத்துகிறவர். முப்பத்தொன்பதில் நீதிபதி. நாற்பத்திரண்டில் நாட்டின் இரண்டு தலைவர்களில் ஒருவர். ஓட்டுக் கேட்டு வெள்ளை உடுத்தித் தெருவில் போகும்போது, எதிரே வருபவரின் பெயரைக் காதில் ஓத ஓர் அடிமையும் கூடவே போவானாம்.

ஷ்யாமளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அடிமைக்குக் கடைசியில் என்ன பதவி கிடைத்தது என்று கேட்டாள்.

"நத்திங், மா. ஹிஸ்டரில அவன் பேரே இல்ல."

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. இன்று அவர் ஜெயித்தால் இன்னும் இரண்டு வருஷம் இந்த வாசல்தான். போதும் சாமி என்றிருந்தது.

அப்போதுதான் கிட்டுசாமி வந்தார். கோயம்புத்தூர்க்காரர்களின் நாற்பது ஓட்டும் அவர் சொன்ன பக்கம் விழும். நாடக ஒத்திகையில் பிச்சுமணி என்பவரோடு சண்டை போட்டதிலிருந்து, அந்தப் பெயரைக் கேட்டாலே சீறுவார். அவரையே அப்படிக் கூப்பிட்டுவிட்டால் நாற்பதும் போச்சு.

ஷ்யாமளா கணவரின் காதருகே போனாள்.

"பிச்சுமணி," என்றாள்.

பாவம் மனுஷன் என்றும் இருந்தது, விட்டது சனி என்றும் இருந்தது.

"வாங்க கிட்டுசாமி! முழங்கால் ஆபரேஷன் ஆச்சே, இப்ப தேவலையா? வீட்டம்மா சாந்தாமணி வரலையா?" என்று சேனாபதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிட்டுசாமி சிரித்தபடி உள்ளே போனார்.

சேனாபதி கோபித்துக்கொள்ளவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கிங்கிலிருந்து அடுத்த குடும்பம் வந்துகொண்டிருக்க, வழக்கம்போல அவள் பக்கம் காதைச் சாய்த்தார்.

"எல்லார் பேரும் தெரியுமா உங்களுக்கு? அப்ப எதுக்கு என்னை இத்தனை வருஷமா நிக்க வெச்சீங்க?"

"நான் பேரு கேக்கலைன்னா நீ கார்லயே உக்காந்திருப்பியே."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இந்த ஊருக்கு வந்த முதல் பொங்கலுக்கு, ஒரு முகமும் தெரியாதே என்று பயந்து, விழா முடிகிறவரை காரைவிட்டு இறங்காமல் அழுததை அவளே மறந்துபோயிருந்தாள்.