நிலம் முழுக்க பீன்ஸ்

“இது என்ன கண்ணு, தோட்டமா? இல்ல பீன்ஸுக்குன்னு ஒரு ராணுவ முகாமா?”

டெனிஸ் பேக்‌ஷாவின் கையிலிருந்து அளவு டேப் நழுவி விழுந்தது. யார்க்‌ஷயரில் ஒரு சின்ன ஊரில், ஆளுக்கொரு துண்டாக வாடகைக்கு எடுத்துப் பயிரிடும் தோட்டங்களுக்கு அவர்தான் செயலாளர். மார்ச் மாதச் சோதனைக்கு அவர் வாசலில் நுழைந்தாலே முட்டைக்கோஸ்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும், அப்படிப்பட்ட ஆள்.

பதினேழாம் நம்பர் நிலத்தின் நடுவே, பச்சைக் கம்பளித் தொப்பி போட்ட அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி, மண் கிளறும் சிறு கரணையோடு குனிந்திருந்தாள். அவளைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பயிர்: பிராட் பீன்ஸ் என்ற சீமை அவரை.

“ஆயிரத்து அறுநூறு செடி, மிஸ்டர் பேக்‌ஷா. எலி தின்னது போக.”

“இத்தனையையும் யார் சாப்பிடுறது? ஊர் மொத்தமும் உட்கார்ந்து தின்னாலும் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஏப்பம் விடணுமே!”

“சாப்பிடுறதுக்கா போட்டேன்? உங்க கண்ணுக்குப் பச்சை தெரியணும்னுதான் போட்டேன். நிலத்துல முக்கால் பங்கு பச்சையா இருக்கணும், வெறுமனே கொத்திப் போட்ட மண்ணு கணக்கில்லன்னு நீங்கதானே விதி போட்டீங்க? நவம்பர்ல விதைச்சு மார்ச்ல நிமிர்ந்து நிக்கிறது இது ஒண்ணுதான்.”

நிலம் கிளிஃப் ஓல்ட்ராய்டின் பெயரில் வாடகைக்கு இருந்தது. செப்டம்பரில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மகள் வீட்டில் கிடக்கிறார். சோதனையில் தவறினால், அன்றைக்கே நிலம் காத்திருப்போர் பட்டியலின் முதல் பெயருக்குப் போய்விடும்.

“உடம்பு சரியில்லாதவருக்கு ஒரு சலுகை கிடையாதா?” என்றாள் அவள்.

“போன தடவை ஒருத்தருக்குக் குடுத்தோம். மூணு வருஷம் முழங்கால் வலின்னார். அப்புறம் பார்த்தா ஸ்பெயின்ல கடற்கரை ஓரமா ஆடிக்கிட்டிருக்கார். பரிசுக் கோப்பையோட படம் வேற அனுப்பினார்!”

“கிளிஃப் ஆடலை. குச்சி ஊனி நடக்கப் பழகறார். தினம் எட்டு அடி. எதுக்குத் தெரியுமா? மே மாசம் இந்த வாசல் வரைக்கும் வர்றதுக்கு. நிலம் போச்சுன்னா அவர் எங்க நடப்பார்?”

டெனிஸ் தொண்டையைச் செருமினார். “எனக்கும் மனசு இருக்கு கண்ணு. ஆனா வரிசையில முதல்ல நிக்கிற ஆளையும் நினைச்சுப் பாக்கணுமில்ல? ஒன்பது வருஷமாக் காத்துக்கிட்டிருக்காங்க.”

“இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கட்டும்.”

“உங்களுக்கென்ன, சொல்றது சுலபம்! ஆமா, நீங்க கிளிஃபுக்குத் தங்கச்சிதானே? வாசல் சாவி வெச்சிருக்கீங்க.”

“முதல்ல அளங்க. அப்புறம் வம்பு பேசலாம்.”

டெனிஸ் அளந்தார். மண்டியிட்டு அளந்தார், நடைபாதையைக் கழித்து அளந்தார், புழு ஒன்று குறுக்கே போனபோது அது போகும்வரை காத்திருந்து அளந்தார். இத்தனைக்கும் அந்தக் குளிர்காலம் சாமானியமானதல்ல. ஜனவரிப் பனியில் தேவாலயக் கோபுரத்தையே தோண்டி எடுத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தார்கள். பனி உருகியபோது இந்தச் செடிகள் எல்லாம் தரையோடு படுத்திருந்தன. மறுவாரம் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நின்றன. குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தாள் அவள்.

கடைசியில் டெனிஸ் எழுந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“குறையுது கண்ணு. அந்த ஆப்பிள் மரத்தடியில எலி தின்ன வரிசை வெறும் மண்ணு. அது மட்டும் இருந்தா முக்கால் சரியா வந்திருக்கும்.”

அவள் கரணையை எடுத்துக்கொண்டு நிலத்தின் ஓரத்துக்குப் போனாள். அங்கே வரிசைகளின் முடிவில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக நின்றன உபரிச் செடிகள். பீன்ஸ் விதைக்கிறவர்கள் எலிக்கென்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வைப்பார்கள். வேர்மண் உதிராமல் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, காலி வரிசையில் வைத்து அழுத்தினாள். இருபத்திரண்டு செடி. முழங்கால் இரண்டும் சேறு.

“இப்ப அளங்க.”

“சோதனை நடக்கும்போதே நடுறதா!”

“கூடாதுன்னு விதி இருக்கா?”

டெனிஸ் சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார். இல்லை. அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைக் கண்டு சூரியனே வெட்கப்பட்டு மேகத்துக்குள் போனது.

“முக்காலும் ஒரு சாணும்!” என்று கூவினார். பதிவேட்டைத் திறந்து, ‘பதினேழு. பயிரிடப்பட்டுள்ளது. ஓல்ட்ராய்டிடமே தொடரும்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் சேறு ஒட்டியது.

“இனிமே எனக்குத்தான் சங்கடம்” என்றார் டெனிஸ். “வரிசையில முதல்ல நிக்கிற அம்மாவுக்குக் கடிதம் போடணும். மிஸ் ஹில்டா ஃபர்த். ‘வருந்துகிறோம், இந்த வருடமும் நிலம் இல்லை’. ஒன்பதாவது தடவை! நான் நேர்ல பார்த்ததே இல்ல. பாவம், என்னைச் சபிப்பாங்க.”

“மாட்டாங்க. ஒன்பது வருஷமா வேலிக்கு வெளியே நின்னு எட்டிப் பார்த்தவளை, உள்ள வந்து மண்ணைத் தொட்டுப் பாருன்னு கூப்பிட்டு, சாவியும் குடுத்தது கிளிஃப் ஒருத்தர்தான்” என்றாள் அவள், சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்தபடி. “ஸ்டாம்பை வீணாக்காதீங்க மிஸ்டர் பேக்‌ஷா, கடிதத்தை என் கையிலேயே குடுத்துடுங்க.”