இரண்டு காதிலும் ஹாரன்

பௌத்திரம் அறுத்து ஐந்தாம் நாள். தனிக்கட்டையான பஸ் டிரைவர் குளியலறையில், புண் ஆற வெந்நீர் ஊற்றிய சிறு தொட்டியில், கால்களை வெளியே தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். மூடிய ஜன்னல் கண்ணாடியில் மதிய வெயில் வெளிறிக் கசிகிறது. அறுத்த இடத்தைச் சொல்ல வாய் கூசி, வெளியூரில் தங்கை மகள் கல்யாணம் என்று டிப்போவில் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சோப்புத் தட்டில் செல்போன் அதிர்கிறது. அவருடைய கண்டக்டர். “அண்ணே, கல்யாணம் களைகட்டுதா?” “ஒரே கூட்டம்டா, உட்கார நேரமில்ல.” “உங்க வீட்டைத் தாண்டித்தான் போறோம். கதவு ஜன்னலெல்லாம் சாத்திக் கெடக்குண்ணே.” ஹாரன் ஒரு காதில் போன் வழியாகவும் மறு காதில் தெருவிலிருந்தும் ஒலிக்கிறது. பதறிப்போய் போனை மார்போடு பொத்திக்கொள்கிறார். திருப்பத்தில், மாற்று டிரைவர் கையில், அவருடைய பஸ் கியர் மாறாமல் திணறுகிறது. ஆறிப்போன தண்ணீரில் உட்கார்ந்தபடியே, கிளட்சை மிதிப்பதுபோல, இடது காலால் ஈரத் தரையை அழுத்துகிறார்.