ஏழு கிலோ

டூத் பிரஷின் கைப்பிடியை ஆக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

துண்டு தெறித்து சோபாவுக்குக் கீழே ஓடியது. மிஞ்சியதைச் சமையல் தராசில் வைத்தாள். பதினெட்டு கிராம் இருந்தது பத்தாகியிருந்தது.

நல்ல பிள்ளை, சொன்னபடி இளைத்துவிட்டது.

சோபாவிலிருந்து அவள் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் நாளிதழ் இருந்தது. படிக்கவில்லை.

"வீட்டுல மெத்தை கெடக்குது. அம்பத்தாறு வயசுல மலையில போய்க் கல்லு மேல படுக்கோணும்னு என்ன தலையெழுத்து?"

அடுத்த சாமானை எடுத்தாள்.

நாலு மணிக்கு வண்டி வரும். அடிவாரம் வரைக்கும்தான் வண்டி. அதற்கு மேல் மூன்று நாள் நடை. கடை கிடையாது, அறை கிடையாது, சுமை தூக்க ஆளும் கிடையாது. பத்துப் பெண்கள். அவரவர் கூடாரம் அவரவர் முதுகில்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய இடது மார்பை எடுத்த டாக்டர், கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சுமை குறைவாக இருந்தால் போகலாம் என்றார். குழுவை நடத்தும் ரெஜினா அந்தக் குறைவுக்கு ஓர் எண் கொடுத்தாள். ஏழு கிலோ. ஒரு கிராம் கூடினாலும் வண்டியில் ஏற்ற மாட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. போன முறை ஒருத்தியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனவள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டாம். அதையும் ரெஜினா போனில் சொல்லியிருந்தாள்.

"அக்கா, பையை மட்டும் நிறுத்துட்டு வந்துராதீங்க. ஷூ, துணி, கடிகாரம், மேல இருக்கறது அத்தனையும் கனம்தானுங்க. வெறும் உடம்பை ஒருக்கா நிறுங்க. எல்லாம் போட்டுக்கிட்டு ஒருக்கா நிறுங்க. நடுவுல வர்றதுதான் கணக்கு."

வெறும் உடம்பு ஐம்பத்து நாலு கிலோ அறுநூறு. காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்தது.

ஒரு வாரமாகக் கழித்துக்கொண்டே வருகிறாள். கூடாரத்துக்குத் தனிக் கம்பி வேண்டாம், ஊன்றி நடக்கும் தடிகளே தாங்கும். தட்டு வேண்டாம், சமைக்கும் பாத்திரத்திலேயே தின்னலாம். துணிகளில் தைத்திருந்த லேபிள்களைக்கூட வெட்டி எறிந்தாள். தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றுக்கு மாறியதில் முப்பத்திரண்டு கிராம் போனது. அன்று ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

கடைசியாகப் போனது காப்பித்தூள். ஐம்பது கிராம் பொட்டலம்.

சும்மா சொல்லக் கூடாது, அதற்கு மட்டும் கண் கலங்கினாள்.

இப்போது ஷூவை மாட்டி, பையை மாட்டி, எடை மெஷினில் ஏறினாள்.

அறுபத்திரண்டு.

கழித்துப் பார்த்தாள். ஏழு கிலோ நானூறு.

இறங்கி மறுபடி ஏறினாள். மெஷினுக்கு இரக்கம் வரவில்லை.

கணவர் நாளிதழை மடித்தார். முகத்தில் ஒரு நிம்மதி. மறைக்கத்தான் பார்த்தார், பாவம், முடியவில்லை.

"விடு. ஆகாதுன்னு ஆகிப்போச்சு. அந்தப் புள்ளைக்கு நானே போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

மணி மூன்று நாற்பது.

கோபம் வந்தது. அவர் மேல்கூட இல்லை. ஆகாது என்ற சொல்லின் மேல். இரண்டு வருடமாக மூன்று வேளையும் அவளுக்கு அதைத்தான் பரிமாறுகிறார்கள்.

பையைத் தரையில் கொட்டினாள். மழைச்சட்டை. தூங்கும் பை. தண்ணீர் வடிகட்டி. மருந்து. எதைத் தொட்டாலும் அது வேண்டியிருந்தது.

மேல இருக்கறது அத்தனையும் கனம்தானுங்க.

கை தானாக இடதுபக்கம் போனது.

உள்ளாடைக்குள் தைத்த சின்னப் பையில் அது இருந்தது. சிலிக்கான் மார்பு. அவரே சென்னைக்குப் போய் வாங்கி வந்தது. அன்பாகத்தான் வாங்கி வந்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து வாசல் மணி அடித்தால் போதும். "இரு, போட்டுக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

பால்காரருக்குக்கூட.

நின்ற இடத்திலேயே சட்டைக்குள் கைவிட்டு எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சமையல் தராசில், டூத் பிரஷ் இருந்த இடத்தில் வைத்தாள்.

நானூற்று ஐம்பது கிராம்.

இத்தனை கனத்தையா கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஊருக்காகச் சுமந்தோம் என்றிருந்தது.

அவர் எழுந்துவிட்டார்.

"அது இல்லாமயா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும். தூக்கறது நானுங்க."

சாமான்களைத் திரும்ப அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே மனக்கணக்குப் போட்டாள். ஆறு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது.

இன்னும் ஐம்பது கிராமுக்கு இடமிருந்தது.

சமையலறைக்குப் போனாள். காப்பித்தூள் பொட்டலத்தை எடுத்து வந்து பையின் மேல்பக்கம் செருகினாள்.

வாசல் மணி அடித்தது.

"இரு..." என்றார் அவர், பழக்கத்தில். பார்வை தராசுக்குப் போய்த் திரும்பியது.

அவள் போய்க் கதவை அகலத் திறந்தாள்.